சம்பளம் கொடுப்பவரிடம் சொல்ல முடியாதவை

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடியில் பன்னிரண்டு ஆண்டுகளாக உளவியல் ஆலோசகராக இருக்கிறேன். தொழிலைச் சொன்னாலே ஒரு குழப்பம் வரும். வாசலில் 'கவுன்சலர்' என்று பலகை மாட்டிய முதல் வாரம், ஒருவர் விறுவிறுவென்று உள்ளே வந்தார். தெருச் சாக்கடை அடைத்துப் பதினைந்து நாளாகிறது, ஏன் எட்டிப் பார்க்கவில்லை என்று சத்தம் போட்டார். வார்டு கவுன்சிலர் வீட்டுக்கு வழி சொல்லி அனுப்பிவிட்டு, மறுநாளே பலகையை மாற்றினேன்.

இன்றைக்குப் பேச எடுத்துக்கொண்ட பொருளிலும் பெயர்தான் முதல் தொல்லை. 'மேற்பார்வை' என்கிறோம். கேட்டதும் கட்டட வேலையில் குடை பிடித்து நிற்கும் மேஸ்திரி நினைவுக்கு வருகிறார். எங்களுக்குள் சூப்பர்விஷன் என்று சொல்லிப் பழகிவிட்டோம்; அதிலும் அதே மேஸ்திரிதான் நிற்கிறார். ஆனால் நடப்பது வேறு. பிறர் துயரத்தைக் கேட்பதைத் தொழிலாகக் கொண்டவர், தாம் கேட்டதையும் சொன்னதையும் செய்யத் தவறியதையும், தம்மைவிட அனுபவம் மிக்க ஒருவரிடம் குறித்த நாளில் உட்கார்ந்து எடுத்துச் சொல்கிறார். அந்த மூத்தவர் கேள்வி கேட்கிறார். வெளியிலிருந்து பார்த்தால் இவ்வளவுதான்.

1920இல் பெர்லினில் மாக்ஸ் ஐட்டிங்கனும் அவரது கூட்டாளிகளும் ஓர் உளப்பகுப்பாய்வுச் சிகிச்சை மையம் தொடங்கினார்கள்; நோயாளியைப் பேசவைத்து மனதின் ஆழத்தை ஆராயும் முறை அது. அங்கே பயில்பவர்கள் தாங்கள் பார்க்கும் நோயாளிகளைப் பற்றி மூத்தவர் ஒருவரிடம் தொடர்ந்து பேசியே ஆக வேண்டும் என்ற ஏற்பாடு பயிற்சியின் ஒரு தூணாக நின்றது. இன்று பிரிட்டனில் ஆலோசகர்களின் பெரிய சங்கம், தன்னிடம் தகுதிச் சான்று பெற்றவர்களுக்கு மாதம் குறைந்தது ஒன்றரை மணி நேரம் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. முப்பது ஆண்டு அனுபவசாலிக்கும் விலக்கு இல்லை. நம் ஊரில், படிக்கும் காலத்தில் எனக்கு மேற்பார்வை இருந்தது. சான்றிதழைக் கையில் வாங்கிய பிறகு, 'நீ பார்க்கும் வேலையை யாரிடம் காட்டுகிறாய்?' என்று ஒரு நிறுவனமும் என்னிடம் கேட்டதில்லை.

என் முதல் வேலை ஒரு நிறுவனத்தில். பெயர் வேண்டாம். அங்கேயும் மேற்பார்வை என்று ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை நிர்வாகியின் அறையில் உட்கார வேண்டும். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் பாதியில் நின்றார்கள், பதிவேடு முடிந்ததா என்று கேட்பார். நல்ல மனிதர். ஆனால் மார்ச் மாதம் என் சம்பள உயர்வை முடிவு செய்பவரும் அவர்தான். அந்த நாட்களில் ஓர் இளைஞன் மூன்றாவது சந்திப்போடு வராமல் போனான். நான் பேசிய ஒரு வாக்கியம்தான் அவனை விரட்டியது என்று எனக்கு நன்றாகத் தெரியும். வெள்ளிக்கிழமை, 'வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டதாம்' என்று சொல்லிவைத்தேன். ஒன்றரை ஆண்டு அந்தப் பொய்யைச் சுமந்தேன்.

செட்டிநாட்டுக்குக் கணக்கு ஒப்புவிப்பது புதிதல்ல. பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் நகரத்தாரின் வட்டிக்கடை நடந்த காலத்தில் ஏஜெண்டு மூன்றாண்டுத் தவணைக்குக் கப்பலேறுவார். திரும்பி வந்து முதலாளி முன்னால் ஐந்தொகையை விரிப்பார். வரவு, பற்று, வராக்கடன் எல்லாம் அதில் உண்டு. ரங்கூனில் பயத்தில் தூங்காமல் புரண்ட இரவு அதில் இருக்காது. முதலாளிக்கு அது தெரிந்தால் அடுத்த தவணைக்கு ஆள் மாறிவிடும். நிர்வாகியிடம் நாங்கள் காட்டுவதும் ஐந்தொகைதான். அது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; அவர் நிறுவனத்துக்குப் பொறுப்பு, கேட்கத்தான் வேண்டும். அந்த இரவைப் பற்றிப் பேச வேறோர் இடம் வேண்டும் என்கிறேன். அந்த இடம் வேலை பார்க்கும் கூரைக்கு வெளியே இருக்க வேண்டும்.

எனக்கு அது திருச்சியில் கிடைத்தது. ஓய்வு பெற்ற அம்மா ஒருவர். காரைக்குடியிலிருந்து சுமார் தொண்ணூறு கிலோமீட்டர். போக ஒரு பஸ், வர ஒரு பஸ், அரை நாள் சம்பளம் போகும், அவருக்கான கட்டணம் தனி. முதல் மூன்று மாதம் கணக்குப் பார்த்து வயிறெரிந்தேன்.

அங்கே என்ன நடந்தது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். மூன்று பேருடைய கதையைக் குழைத்து ஒருவராக்கியிருக்கிறேன், தேட வேண்டாம். எண்பதை நெருங்கும் ஓர் ஆச்சி. முகப்பு, நடுமுற்றம் கொண்ட வளவு, இரண்டாம் கட்டு என்று தெருவிலிருந்து தெரு வரை நீளும் வீடு. ஆள் அவர் ஒருவர்தான். பிள்ளைகள் வெளிநாட்டில். தூக்கமில்லை என்று வந்தார். ஐம்பது நிமிடச் சந்திப்பு எழுபதாயிற்று, தொண்ணூறாயிற்று. ஒருநாள் அவருக்கு இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துவிட்டது என்றதும் நானே கடைக்குப் போய் வாங்கிக் கொடுத்தேன். நிர்வாகியிடம் சொல்லியிருந்தால் ஒன்று, சேவை மனப்பான்மை என்று பாராட்டியிருப்பார். அல்லது, விதிமீறல் என்று எழுதி வாங்கியிருப்பார். திருச்சி அம்மா இரண்டையும் செய்யவில்லை. "யாருக்காக வாங்கப் போனீர்கள்?" என்று மட்டும் கேட்டார்.

நான் வெகுநேரம் பேசவில்லை. எங்கள் அப்பத்தா தேவகோட்டையில் தனியாக இறந்தார். அப்போது நான் சென்னையில் தேர்வு எழுதிக்கொண்டிருந்தேன். ஆச்சிக்கு வாங்கிய மாத்திரை எங்கே போய்ச் சேர்ந்தது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. இப்படி நம் பழைய கடனை, ஆலோசனை கேட்க வந்தவர் மேல் ஏற்றுவதற்கு உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃப்ராய்ட் 1910இலேயே பெயர் வைத்துவிட்டார். தமிழில் எதிர் இடமாற்றம் என்று எழுதுகிறோம். தேர்வுக்கு மனப்பாடம் செய்த சொல்தான். மருந்துக்கடை வாசலில் நின்றபோது அது நினைவுக்கு வரவில்லை.

இன்னொரு முறை, கேள்விக்கு இடமே கொடுக்காமல் பேசித் தீர்க்கும் ஒருவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். நாற்பது நிமிடம் கழித்து அந்த அம்மா கையை உயர்த்தி, "இவ்வளவு நேரமாக நான் வாயைத் திறக்க நீங்கள் விடவில்லையே, கவனித்தீர்களா?" என்றார். ஆலோசனை அறையில் நடப்பது மேற்பார்வை அறையில் அப்படியே மறுபடி நிகழும் என்பதை 1955இல் ஹரால்ட் சியர்ல்ஸ் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் விளக்கினார். அன்று எனக்குச் சிரிப்பும் வெட்கமும் ஒன்றாக வந்தன.

இனி, செட்டிநாட்டுக்கே உரிய ஒரு சிக்கல். பணியிடத்துக்கு வெளியே ஒருவர் என்றால் மட்டும் இங்கே போதாது. ஒருவரைப் பார்த்ததும் எந்த ஊர், எந்தக் கோயில் என்று கேட்கிற பூமி இது. நகரத்தார் எனப்படும் செட்டியார்களின் ஒன்பது கோயில்களில் எது என்று தெரிந்தால் பங்காளி யார் என்று தெரியும். பெயருக்கு முன்னால் நிற்கும் வீட்டு விலாச எழுத்துகள் மூன்று தலைமுறையைச் சொல்லிவிடும். நகரத்தார் மட்டுமல்ல, மற்றவர்களும் இதே நினைவாற்றலோடு இருப்பவர்கள்தான். 'ஒரு வீடு, மூன்று பெண்கள், மூத்தவள் திருமணம் முறிந்தது' என்று நான் பெயர் சொல்லாமல் ஆரம்பித்தால், பக்கத்து ஊர்க்காரர் மனதுக்குள் பெயரைச் சொல்லி முடித்திருப்பார். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், சிகிச்சைக்கு வந்தவர் பற்றிய செய்திகளை மறைவாக வைப்பதை அவருடைய உரிமை என்கிறது. பெயரை அழித்துவிட்டாலே அந்த உரிமையைக் காப்பாற்றியதாகச் செட்டிநாட்டில் நினைக்க முடியாது. ஊரை மாற்றுவேன், தொழிலை மாற்றுவேன், சில சமயம் அண்ணனைத் தம்பியாக்குவேன். மாற்றினால் கதையின் உயிரே போய்விடும் என்றால் அதை உள்வட்டாரத்தில் பேசுவதில்லை. திருச்சிக்கு எடுத்துப் போவேன்.

இப்போது வீடியோ அழைப்பு வந்துவிட்டது, பஸ் செலவு மிச்சம். ஆனால் எங்கள் வீட்டில் எந்த அறையில் பேசினாலும் வளவு முழுக்கக் கேட்கும். காரைக் கொண்டுபோய் மரத்தடியில் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, உள்ளே உட்கார்ந்து பேசுகிறேன். மே மாதத்தில் இது தவம்.

பணமில்லாத இளையவர்கள் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். நாங்கள் நான்கு பேர் இரண்டாம் சனிக்கிழமைகளில் புதுக்கோட்டையில் கூடுகிறோம். 1950களில் லண்டனில் மைக்கேல் பாலிண்ட் என்ற உளப்பகுப்பாய்வாளர் பொது மருத்துவர்களைச் சிறு வட்டமாக உட்காரவைத்தார். ஒருவர் தம்மை அலைக்கழிக்கும் நோயாளியைப் பற்றிச் சொல்ல, மற்றவர்கள் அந்த உறவைப் பற்றிப் பேசுவார்கள். கிட்டத்தட்ட அதே முறைதான் எங்களுடையதும். செலவு, டீயும் பஸ் டிக்கெட்டும். ஆபத்தும் ஒன்று உண்டு: நண்பர்கள் கூடினால் 'உன் மேல் தவறே இல்லை' என்று ஒருவருக்கொருவர் தட்டிக்கொடுத்துக் கலைந்துவிடுவார்கள். எங்கள் நால்வரில் ஒருவர் கொஞ்சம் முசுடு. அவர் வராத மாதம் கூட்டம் வீண்.

தொடங்கும்போதே சிலவற்றை எழுதிக்கொள்வது நல்லது. கட்டணம், நாள், யாரிடம் எதைச் சொல்லலாம் என்பதெல்லாம். குழந்தை பாலியல் கொடுமைக்கு ஆளானது தெரியவந்தால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும். அதற்கு மேற்பார்வையாளர் அனுமதி தேவையில்லை, அவர் ரகசியம் காக்கச் சொன்னார் என்பது பதிலும் ஆகாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தோடு ஒருவர் எதிரில் இருந்தால் இரண்டாம் சனிக்கிழமை வரை காத்திருக்க முடியாது, அன்றைக்கே பேச வேண்டும். நேயர்களும் குறித்துக்கொள்ளுங்கள்: டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, எந்த நேரமும் அழைக்கலாம்.

மேற்பார்வையே சிகிச்சை ஆகிவிடவும் கூடாது. அப்பத்தாவைப் பற்றி நான் அழத் தொடங்கியபோது திருச்சி அம்மா தண்ணீர் கொடுத்தார். பிறகு, "இதற்கு நீங்கள் தனியாக ஒருவரைப் பார்க்க வேண்டும், அது நான் இல்லை" என்றார். அப்போது வருத்தமாக இருந்தது. பார்த்தேன்.

உங்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். ஆலோசகரிடம் போகும்போது, 'உங்கள் வேலையை யாரிடம் காட்டுகிறீர்கள்?' என்று தாராளமாகக் கேளுங்கள். அவர் முகம் சுளித்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். நான் முதல் நாளே சொல்லிவிடுகிறேன்: பெயர் இல்லாமல், அடையாளம் இல்லாமல், உங்களைப் பற்றி மூத்தவர் ஒருவரிடம் பேசுவேன், சம்மதமா என்று.

சென்ற ஆண்டு அப்படிச் சொன்னபோது ஓர் ஆச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"அவர் எந்த ஊர், எந்தக் கோயில்?"

"நம் பக்கமே இல்லை, ஆச்சி. இங்கே அவருக்கு ஒருவரையும் தெரியாது."

"அப்படியானால் சரி, ஆத்தா. சொல்லிக்கொள்."