ஜூலி வந்துவிட்டாள்! காப்பகத்தில் அவளை எப்படித் தேர்ந்தெடுத்தோம்

வணக்கம். இன்றைக்குக் குரலைத் தாழ்த்தித்தான் பேசப் போகிறேன், ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பின்னால் சாப்பாட்டு மேசை தெரிகிறதா? அதற்கு அடியில், சுவரோரமாக, கறுப்பாகச் சுருண்டு கிடக்கிறாளே, அவள்தான் ஜூலி, நாய்க் காப்பகத்திலிருந்து நாங்கள் தத்தெடுத்த நாய். வந்து நான்கு நாள் ஆகிறது. நான்கு நாளும் நான் கேமராவைத் தொடவில்லை. எங்கே போனீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். எங்கேயும் போகவில்லை, இதே தரையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஜூலியை 'அது' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் என்றுதான் சொல்வேன்.

கீரைத் தொட்டி வீடியோவின் கடைசியில், காப்பகத்திலிருந்து ஒரு நாயைத் தத்தெடுக்கப் போகிறோம் என்று ஒரு வரி சொன்னேன். வந்த பதில்களில் பாதி எப்படி இருந்தது தெரியுமா? "தெரு நாயா? இருபத்தைந்தாயிரம் கொடுத்தால் அழகான ஹஸ்கி கிடைக்குமே." படித்தபோது வந்த கோபம் இன்னும் தணியவில்லை. ஹஸ்கி என்பது சைபீரியப் பனியில் வண்டி இழுத்த நாய். உடம்பில் இரண்டு அடுக்கு முடி. அதைக் கொண்டுவந்து மடிப்பாக்கத்தில், மூன்றாவது மாடியில், அக்னி நட்சத்திர வெயிலில் வைத்தால் அந்த உயிர் என்ன பாடுபடும்? நம் நாட்டு நாய்க்குக் குட்டை முடி, ஒல்லி உடம்பு. இந்த வெயிலிலேயே தலைமுறை தலைமுறையாகப் பிறந்து வளர்ந்தது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி என்று நம் நாயினங்களைப் பற்றி மேடையில் பெருமை பேசுகிறோம். தெருமுனையில் படுத்திருக்கும் நாயைக் கண்டால் மட்டும் கை கல்லைத் தேடுகிறது. எனக்கு இது பொறுக்கவே இல்லை.

சரி, காப்பகத்துக்கு வருகிறேன். தாம்பரம் தாண்டி உள்ளே போக வேண்டும். பெயர் சொல்லவில்லை. சின்ன இடம், ஒரே நாளில் ஆட்கள் திரண்டால் நாய்கள் மிரண்டுவிடும். மூன்று முறை போனோம். முதல் முறை ஞாயிற்றுக்கிழமை, நான், கணவர், அத்தை, பிள்ளைகள் இருவர் என்று எல்லோரும் சேர்ந்து. கதவைத் திறந்ததும் அறுபது நாய்கள் ஒரே நேரத்தில் குரைத்தன. அத்தை என் முழங்கையைப் பிடித்தவர் வெளியே வரும்வரை விடவில்லை. சின்னவன் நேராகக் குட்டிகள் இருந்த கூண்டுக்கு ஓடிவிட்டான். ஐந்து குட்டிகள், அதில் ஒன்று வெள்ளையும் பழுப்புமாக, காது இரண்டும் மடிந்து, அவன் விரலைப் பிடித்துச் சப்பிக்கொண்டிருந்தது. பெரியவளும் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். என் கணவர்கூட, "இதையே எடுத்துவிடலாமே" என்றார்.

நான் வேண்டாம் என்றேன். அன்று வீடு திரும்பும்வரை காரில் யாரும் என்னோடு பேசவில்லை.

ஏன் வேண்டாம் என்றேன்? குட்டி என்றால் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்று என்று நான்கு மாதம்வரை தொடர வேண்டும். அது முடியாமல் தெருவில் இறக்க முடியாது. பார்வோ என்ற வைரஸ் நோய் வந்தால் ரத்தமாகப் பேதியாகும், இரண்டு மூன்று நாளில் குட்டி கையை விட்டுப் போய்விடும். அது ஒரு பக்கம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்கக் கூட்டிப்போக வேண்டும். எங்கள் வீட்டில் காலை எட்டரை முதல் மாலை மூன்றரை வரை அத்தை மட்டும்தான். அவருக்கு இரண்டு முழங்காலும் வலி. காலுக்குள் ஓடி விளையாடும் குட்டி, ஈரத் தரை, எழுபத்திரண்டு வயது. ஒருமுறை வழுக்கி விழுந்தால் போதும்.

இன்னொன்றும் உண்டு, அதுதான் எனக்கு முக்கியம். குட்டி வளர்ந்து எப்படிப்பட்ட நாயாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. வளர்ந்த நாய் அப்படியில்லை. எவ்வளவு உயரம், எவ்வளவு முரடு, குழந்தை கத்தினால் என்ன செய்யும், எல்லாம் கண் முன்னாலேயே தெரியும். அழகான நாய் எது என்று தேடிப் போகாதீர்கள். உங்கள் வீட்டில் காலை முதல் இரவு வரை நடப்பதைத் தாங்கக்கூடிய நாய் எது என்று பாருங்கள். குட்டிகளுக்கு வீடு கிடைத்துவிடும், அந்த வெள்ளைக் குட்டியை அடுத்த வாரமே ஒரு குடும்பம் கொண்டுபோய்விட்டது. நான்கு வயதுக் கறுப்பு நாயைத்தான் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இரண்டாம் முறை நான் மட்டும், ஒரு வார நாளில், மத்தியானம் போனேன். நாய்கள் சாப்பிட்டுவிட்டுச் சோர்ந்து படுத்திருக்கும் நேரம். அப்போதுதான் ஒவ்வொன்றின் குணமும் தெரிகிறது. அங்கே பராமரிப்பவர் இருபது வருடமாக நாய்களோடு இருக்கிறவர். மணி என்ற பழுப்பு நிற ஆண் நாயைக் காட்டினார். நல்ல உயரம், என்னைப் பார்த்ததும் தோள்வரை தாவிவிட்டது. பாசமான நாய், எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் சாப்பாட்டுத் தட்டின் பக்கம் பராமரிப்பவர் நெருங்கியதும் உடம்பு அப்படியே விறைத்தது. வாய் தட்டிலேயே இருக்கிறது, கண் மட்டும் வெள்ளை தெரிய அவர் பக்கம் திரும்புகிறது. உறுமவில்லை, ஆனால் அதுவே எச்சரிக்கைதான். பசியில் கிடந்த நாய்க்குச் சாப்பாட்டைக் காக்கும் பழக்கம் வருவது இயல்பு, அது மணியின் குற்றம் இல்லை. பொறுமையாகப் பழக்கினால் மாறும். குழந்தை இல்லாத வீட்டுக்கு மணி தங்கம். கீழே விழுந்த பிஸ்கட்டைக் குனிந்து எடுக்கிற ஒன்பது வயதுப் பையன் இருக்கிற வீட்டுக்கு அவன் சரிவர மாட்டான்.

முந்திச் சொல்லியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். மணி தாவியபோது நகம் பட்டு என் கையில் கீறல் விழுந்தது. தடுப்பூசி போட்ட நாய்தான், ஆனாலும் அங்கேயே குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிடம் கழுவினேன். அன்று மாலையே மருத்துவரிடமும் காட்டினேன். சின்னக் கீறல்தானே என்று மஞ்சளையும் சுண்ணாம்பையும் வைத்துவிட்டு இருக்காதீர்கள். வெறிநோய் வந்துவிட்டால் அதற்கு மருந்தே இல்லை. வருவதற்கு முன்னால் தடுப்பதுதான் வழி.

ஜூலி கடைசிக் கூண்டில் இருந்தாள். குரைக்கவில்லை, வாலும் ஆட்டவில்லை. வெளியே திறந்த வெளிக்குக் கூட்டிவரச் சொன்னேன். கூண்டுக்குள் பார்த்து எந்த நாயையும் முடிவு செய்யாதீர்கள், கூண்டுக்குள் நாய் வேறு, வெளியே வேறு. நான் அவளை நேராகப் பார்க்காமல், பக்கவாட்டாகத் திரும்பித் தரையில் உட்கார்ந்தேன். கையை நீட்டவில்லை. பதினோரு நிமிடம் அவள் வரவில்லை. உதட்டை நக்கினாள், கொட்டாவி விட்டாள். தூக்கம் என்று நினைத்துவிடாதீர்கள், பதற்றத்தில்தான் நாய் அப்படிச் செய்யும். பிறகு மெதுவாக வந்து, என் செருப்பை மோந்து, என் முதுகில் தன் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்க ஒன்றுமில்லை.

அழுகையை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பதால் மூன்றாம் முறை பிள்ளைகளோடு போனேன். சின்னவனை அவளிடமிருந்து இருபதடி தள்ளி ஓடச் சொன்னேன். பார்த்தாள், துரத்தவில்லை. பெரியவள் குடையைப் பட்டென்று விரித்தாள். ஜூலி இரண்டடி பின்னால் போய், ஒரு நிமிடத்தில் தானே திரும்பி வந்தாள். மிரண்ட பிறகு எவ்வளவு சீக்கிரம் தேறுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். பராமரிப்பவர் பாதத்தைத் தொட்டார், காதைத் தூக்கினார், சாப்பிடும்போது தட்டை எடுத்தார். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் காத்திருந்தாள். அன்றைக்கே விண்ணப்பத்தை நிரப்பினேன். நான்கு பக்கம். வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதம் உட்பட எல்லாம் கேட்டார்கள். கேட்கட்டும், கேட்காமல் நாயைத் தூக்கிக் கொடுக்கிற இடத்தைத்தான் நான் நம்ப மாட்டேன்.

அவள் இடது காதைப் பார்த்துவிட்டுச் சண்டையில் கிழிந்ததா என்று அத்தையின் தங்கை கேட்டார். இல்லை. ஆங்கில 'வி' எழுத்துப் போல இருக்கும் அந்த வெட்டு, கருத்தடை முடிந்த நாய் என்பதற்கு அடையாளம். மயக்கத்தில் இருக்கும்போதே செய்துவிடுவார்கள். தெரு நாய்களுக்குக் கருத்தடை செய்து அதே இடத்தில் விடும் வேலையைச் சென்னையில் ப்ளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு 1960களிலேயே தொடங்கியது. உங்கள் தெரு நாய்களின் காதையும் ஒருமுறை பாருங்கள்.

இப்போது ஹார்னஸ், அதாவது நாயின் மார்பைச் சுற்றி மாட்டும் வார். இதைச் சொல்லாமல் இந்த வீடியோவை முடிக்க மாட்டேன். என் கணக்கு நோட்டு இதோ இருக்கிறது. ஹார்னஸ் 780 ரூபாய். கழுத்துப்பட்டை 150, கயிறு 220, இரண்டு எவர்சில்வர் கிண்ணம் 190. பிளாஸ்டிக் கிண்ணம் என் வீட்டுக்குள் வராது, உங்களுக்கே தெரியும். எல்லாம் சரி, அந்த 780தான் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. மார்புச் சுற்றளவை முன்னங்காலுக்குப் பின்னால் அளக்க வேண்டும். ஜூலிக்கு இருபத்திரண்டு அங்குலம். எழுதிக்கொண்டுதான் போனேன். கடையில் இருந்தவர், "நடுத்தர அளவு எல்லா நாட்டு நாய்க்கும் பொருந்தும்" என்று அடித்துச் சொன்னார். வீட்டில் மாட்டினால் கடைசித் துளைவரை இழுத்தும் என் முழுக் கை உள்ளே போகிறது. இரண்டு விரல்தான் போக வேண்டும்! திரும்பக் கொண்டுபோனேன். விலை அட்டையை வெட்டிவிட்டீர்கள், மாற்ற முடியாது என்றார்கள். அட்டையை வெட்டாமல் நாய்க்கு எப்படி மாட்டிப் பார்ப்பது? அரை மணி நேரம் நின்றேன். பெரியவள் வெட்கமாக இருக்கிறது, வாம்மா என்று இழுத்தாள். எனக்கு வெட்கமே இல்லை. புதிதாக வந்த நாய் முதல் சில நாட்களில்தான் மிரண்டு ஓடும். பின்பக்கமாக இழுத்தால் தளர்ந்த ஹார்னஸிலிருந்து நொடியில் நழுவிவிடும். அப்புறம் மேடவாக்கம் சாலையில் எங்கே தேடுவது?

இறங்கி வரும்போது பஸ் நிறுத்தத்துக்கு எதிரே பை தைப்பவரைப் பார்த்தேன். பள்ளிப் பை ஜிப் மாற்றும் வீடியோவில் வந்தாரே, அவரேதான். வாங்கிப் பார்த்தார். இரண்டு பக்கப் பட்டையையும் ஒன்றரை அங்குலம் உள்ளே மடித்து, நைலான் நூலில் இரட்டைத் தையல் போட்டு, தன் காலால் மிதித்து இழுத்துக் காட்டினார். இம்மியும் நகரவில்லை. அறுபது ரூபாய்! இப்போது ஜூலியின் உடம்பில் அளந்து தைத்த சட்டை போல உட்கார்ந்திருக்கிறது. 780 போட்டுச் சாதிக்காததை 60 ரூபாயில் அவர் சாதித்தார். நோட்டில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்.

காப்பகம் கட்டணம் வாங்கவில்லை, ஒரு மூட்டை அரிசி வாங்கிக் கொடுத்தோம். கால்நடை மருத்துவர் பல்லைப் பார்த்து நான்கு ஐந்து வயது இருக்கலாம் என்றார். உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை, குடற்புழு மருந்து எல்லாம் சேர்த்து 1,650. வெறிநோய் ஊசியை ஆண்டுக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும், தேதியை நாட்காட்டியில் குறித்துவிட்டேன். மாநகராட்சி உரிமம் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் அபராதம் உண்டு. நாயை அடையாளம் காணத் தோலுக்கடியில் சின்னச் சிப்பும் பொருத்துவார்கள். அடுத்த வாரம் போகிறோம்.

குடியிருப்புச் சங்கத்தில் ஒருவர், நாயை லிப்டில் ஏற்றக் கூடாது என்றார். 2015இல் இந்திய விலங்கு நல வாரியம் வெளியிட்ட வழிகாட்டுதலை அச்செடுத்துக் கையில் கொடுத்தேன். நாய் வளர்க்கச் சங்கம் தடை போட முடியாது, லிப்டுக்கும் தடை போட முடியாது. வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இந்த நான்கு நாளில் என்ன நடந்தது என்றால், அதிகமாக ஒன்றும் நடக்கவில்லை. மீட்பு நாய் வளர்ப்பவர்கள் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். மூன்று நாள் மிரட்சி, மூன்று வாரத்தில் வீட்டு வழக்கம் பிடிபடும், மூன்று மாதத்தில் தன் வீடு என்று தெரியும். முதல் இரவு அவள் சாப்பிடவில்லை. மறுநாள் காப்பகத்தில் போட்ட அதே மஞ்சள் போட்ட கோழிச் சோறு வைத்தோம், பாதி சாப்பிட்டாள். அத்தை மிச்சச் சாம்பார் சாதத்தை வைக்கப் பார்த்தார். "அத்தை, வெங்காயம் நாய்க்கு விஷம், ரத்தத்தில் சிவப்பணுவையே சிதைத்துவிடும்" என்றேன். "எங்கள் ஊர் நாய்கள் எல்லாம் சாம்பாரில்தான் வளர்ந்தன" என்றார். ஆனாலும் நேற்றிலிருந்து தயிர் சாதத்தைத் தாளிக்காமல் தனியாக எடுத்து வைக்கிறார். பெயரை மாற்ற வேண்டும் என்று சின்னவன் பட்டியலே போட்டிருந்தான். அந்தப் பெயருக்குத்தான் அவள் காது திரும்புகிறது, மற்ற எல்லாமே மாறிவிட்டபோது அதையாவது அவளிடம் விட்டுவைப்போம் என்றாள் பெரியவள். அதனால் ஜூலி.

இன்னும் ஒரு முறைகூடக் குரைக்கவில்லை. அதுதான் சின்னவனுக்குப் பெரிய கவலை. பள்ளியிலிருந்து வந்து பையைக் கழற்றும் முன்பே, "குரல் வந்ததா அம்மா?" என்கிறான். மருத்துவரிடமும் கேட்டுவிட்டேன், தொண்டையில் கோளாறு ஒன்றுமில்லை. அவசரப்படாதீர்கள் என்றார். உரிமத்துக்குப் புகைப்படம் எடுக்கும்போது காது தெரிய வேண்டுமா என்று தெரிந்தவர்கள்...

இருங்கள். வாசல் மணி. பால்காரர் பாக்கி வாங்க வந்திருப்பார்.

கேட்டீர்களா? கேட்டீர்களா! அது ஜூலி! அத்தை, ஓடாதீர்கள், முழங்கால்! ஜூலி, வருகிறேன், வருகிறேன்...