பெயர்ப்பலகையில் வராத சாதனைகள்: கென்னத் ஹானின் 40 ஆண்டுகள்

அனைவருக்கும் வணக்கம்.

தேர்தல் நெருங்கினால் சாதனை மலர் ஒன்று வீடு தேடி வந்துவிடும். வழவழப்பான தாளில் கட்டிய பாலம், திறந்த மருத்துவமனை, வெட்டிய ரிப்பன் எல்லாம் வண்ணப் படமாக இருக்கும். அதைப் புரட்டும்போது எனக்கு ஒரு சந்தேகம் வரும். இதில் அந்த ஆள் இல்லாவிட்டாலும் நடந்திருக்கக்கூடியது எது, அவர் விடாமல் நச்சரித்ததால் மட்டுமே நடந்தது எது? மலர் அதைச் சொல்லாது. நாம்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பிரித்துப் பார்க்கத் தோதான ஒருவரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். பெயர் கென்னத் ஹான். அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியின் அரசியல்வாதி.

முதலில் அந்த ஊர் நிர்வாகத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம் மாதிரி. ஆனால் அங்கே மேலிருந்து நியமிக்கப்பட்ட ஆட்சியர் கிடையாது. மக்கள் தேர்ந்தெடுத்த ஐந்து பேர் கொண்ட மேற்பார்வையாளர் வாரியம்தான் எல்லாம். அரசு மருத்துவமனை, சிறைச்சாலை, தீயணைப்பு, சமூக நலம் என்று எல்லாவற்றுக்கும் பணம் ஒதுக்குவது அவர்கள்தான். ஐந்தில் மூன்று ஓட்டு கிடைத்தால் தீர்மானம் நிறைவேறிவிடும். இன்றைக்கு அந்தக் கவுண்டிக்குள் 88 நகராட்சிகள், ஒரு கோடியை ஒட்டிய மக்கள்தொகை. அந்த ஐந்து பேரை ‘ஐந்து குட்டி ராஜாக்கள்’ என்று பத்திரிகைகள் கிண்டலடித்ததில் ஆச்சரியமில்லை.

ஹான் 1920-ல் அந்த ஊரிலேயே பிறந்தவர். அப்பா இல்லை, ஏழு பையன்களையும் அம்மாதான் தனியாளாக வளர்த்தார். இவர் கடைக்குட்டி. 1947-ல் நகர மன்ற உறுப்பினர். 1952-ல், 32 வயதில், கவுண்டி வாரியத்துக்குத் தேர்வானார். அங்கிருந்து அவர் எழுந்தது 1992-ல். நாற்பது வருஷம்! அவருடைய தொகுதி தெற்கு லாஸ் ஏஞ்சலஸ். வெள்ளைக்காரரான அவரை, கறுப்பின மக்கள் பெருகிக்கொண்டே வந்த அந்தத் தொகுதி திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தது. 1961-ல் மார்ட்டின் லூதர் கிங் லாஸ் ஏஞ்சலஸ் வந்தபோது, அவரை வரவேற்கப் போன ஒரே மக்கள் பிரதிநிதி இவர்தான். தொகுதி அதை மறக்கவில்லை.

சரி, சாதனைக்கு வருவோம். எனக்குப் பிடித்தது பதவியேற்ற சில வாரங்களிலேயே தொடங்கியது. அப்போது லாஸ் ஏஞ்சலஸ் புகைமூட்டத்தில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. 1943 கோடையில் முதன்முதலாகப் பெரிய புகை வந்து ஊரை மூடியபோது ஏதோ ரசாயனத் தாக்குதல் என்று பயந்தவர்கள் உண்டு. தொழிற்சாலைகளைக் கட்டுப்படுத்தியும் புகை போகவில்லை. கால்டெக் என்ற தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் இருந்த ஹாகன்-ஸ்மித் என்ற வேதியியலாளர், கார் புகையும் வெயிலும் சேர்ந்துதான் ஓசோனை உண்டாக்குகிறது என்று ஐம்பதுகளின் தொடக்கத்தில் கண்டு சொன்னார்.

கார்கள் மீது கவுண்டிக்கு எந்த அதிகாரமும் இல்லை. கார் செய்கிற கம்பெனிகளோ மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் டெட்ராய்ட்டில். ஹான் என்ன செய்தார் தெரியுமா? கடிதம் போட்டார். 1953-ன் தொடக்கத்தில் கார் கம்பெனித் தலைவர்களுக்கு எழுதி, இந்தப் புகையைக் குறைக்க ஏதாவது ஆராய்ச்சி நடக்கிறதா என்று கேட்டார். ஃபோர்டு கம்பெனியின் செய்திப் பிரிவிலிருந்து அடுத்த மாதமே பதில் வந்தது. எஞ்சினிலிருந்து வாயு வருவது உண்மைதான், ஆனால் அது காற்றில் சீக்கிரமே கலைந்துவிடும், காற்று மாசு என்று சொல்லும்படி அதில் ஒன்றுமில்லை என்றார்கள். இவர் மறுபடி எழுதினார். பதில் வந்தால் அதற்குப் பதில், வராவிட்டால் ஏன் வரவில்லை என்று ஒரு கடிதம். விடாக்கண்டனுக்கும் கொடாக்கண்டனுக்கும் நடந்த இந்தப் போக்குவரத்து வருஷக்கணக்கில் நீண்டது. பிற்பாடு கடிதங்களையும் பதில்களையும் அவர் தொகுத்து அச்சிட்டே வெளியிட்டார். புகையைக் குறைக்கும் கருவிகளைத் தாமதப்படுத்தக் கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்தன என்று அமெரிக்க நீதித்துறை 1969-ல் வழக்கே போட்டது. அது விசாரணைக்குப் போகாமல் சமரசத்தில் முடிந்தது.

அந்தப் புகை குறைந்ததற்கு விஞ்ஞானிகள், மாநிலச் சட்டங்கள், 1970-ல் வந்த மத்திய சட்டம் எல்லாமே காரணம். ஹான் தனியாகச் சாதித்தார் என்று சொன்னால் அது மலர் எழுதுகிறவர் வேலை. ஆனால் கம்பெனிகள் 1953-ல் என்ன சொல்லின என்பதற்குக் கையெழுத்தோடு ஆதாரம் சேர்த்தது அவர். கையில் அதிகாரமே இல்லாத ஒரு விஷயத்தில் அவர் செய்த வேலை அது.

அடுத்தது ஆம்புலன்ஸ். அறுபதுகள்வரை அமெரிக்காவில் ஆம்புலன்ஸ் என்றால் ஆளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடும் வண்டி, அவ்வளவுதான். பல ஊர்களில் அதை நடத்தியவர்களே சவ அடக்கம் செய்யும் கம்பெனிக்காரர்கள். காரணம் எளிது: மனிதரை நீட்டிப் படுக்கவைக்கும் வண்டி அவர்களிடம்தான் இருந்தது! மாரடைப்பில் இதயத் துடிப்பு தாறுமாறானால் கையில் இருப்பது சில நிமிடங்கள்தான். அதற்குள் மின்அதிர்ச்சி கொடுத்தாக வேண்டும். ஹார்பர் ஜெனரல் என்ற கவுண்டி மருத்துவமனையில் இருந்த மைக்கேல் கிரைலி என்ற இதய மருத்துவர், இந்த வேலையைத் தீயணைப்பு வீரர்களுக்கே கற்றுத் தரலாம் என்றார். எங்கு எது நடந்தாலும் முதலில் போய்ச் சேர்கிறவர்கள் அவர்கள்தானே. வால்டர் கிராஃப் என்ற இன்னொரு மருத்துவரும் அதே ஊரில் இதயநோயாளிகளுக்காக நடமாடும் வண்டி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

1969-ல் பயிற்சி தொடங்கியது. ஆனால் சட்டம் குறுக்கே நின்றது. ஊசி போட மருத்துவருக்கும் செவிலியருக்கும் மட்டும்தான் அனுமதி. அதனால் எல்லாம் கற்ற தீயணைப்பு வீரர் வண்டியில் இருந்தும், கூடவே ஒரு செவிலியரை ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. செவிலியர் வந்து சேரவில்லை என்றால், கற்ற வித்தையைக் கையைக் கட்டிக்கொண்டு வைத்திருக்க வேண்டியதுதான். ஹான் மாநிலத் தலைநகரைப் பிடித்துக்கொண்டார். மருத்துவ உலகிலேயே எதிர்ப்பு இருந்தது. மருத்துவர் அல்லாதவர் மருந்து கொடுப்பதா என்றார்கள். 1970 ஜூலையில் ஆளுநர் ரொனால்ட் ரீகன் சட்டத்தில் கையெழுத்திட்டார். தன் அப்பாவுக்கு மாரடைப்பு வந்தபோது ஆம்புலன்ஸ் நகர எல்லையைத் தாண்டி வர மறுத்துவிட்டது என்று ரீகன் அப்போது சொன்னதாக ஹான் பிற்பாடு சொல்லிவந்தார்.

அந்தச் சட்டத்தின் பெயர் வெட்வொர்த்–டவுன்செண்ட் சட்டம். இருவரும் மாநிலச் சட்டமன்றத்தில் அதைக் கொண்டுவந்தவர்கள். ஹான் பெயர் அதில் எங்குமே இல்லை. மற்ற மாநிலங்களும் அதைப் பார்த்துச் சட்டம் செய்தன. அவருடைய கணக்கில் முதல் வரியாக நான் வைப்பது இதைத்தான்.

நெடுஞ்சாலை ஓரத்தில் அவசரத் தொலைபேசிப் பெட்டிகள் வைத்தது 1962-ல். வண்டி நடுவழியில் நின்றுபோனவர்களுக்குப் பெரிய உபகாரம். செல்பேசி வந்ததும் அதற்கு வேலை குறைந்துவிட்டது. ப்ரூக்லின் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியை லாஸ் ஏஞ்சலஸுக்கு இழுத்ததில் அவருக்கும் பங்கு உண்டு. 1956-ல் வேறோர் அணியைக் கேட்கத்தான் நியூயார்க் போனார், டாட்ஜர்ஸ் முதலாளி ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பி இவரைப் பிடித்தார் என்று கதை சொல்வார்கள். ஆனால் நகர மன்றத்தில் அதற்காக மல்லுக்கு நின்றவர் ரோஸலிண்ட் வைமன் என்ற பெண்மணி. அணிக்கு அரங்கம் எழுந்த சாவேஸ் ரவீன் மேட்டிலிருந்து மெக்சிகன் குடும்பங்கள் வெளியேற்றப்பட்ட வரலாறும் சேர்ந்தே இருக்கிறது. சாதனை மலரில் அந்தப் பக்கம் இருக்காது.

பேருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1980-ல் விற்பனை வரியில் அரை சதவீதம் கூட்டி, அதைப் பொதுப் போக்குவரத்துக்குச் செலவிடும் திட்டத்தை அவர் மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன் இப்படிப்பட்ட முயற்சிகள் தோற்றிருந்தன. இவர் அதில் ஒரு கொக்கி வைத்தார்: மூன்று வருஷத்துக்குப் பேருந்துக் கட்டணம் 50 சென்ட். ரயில் எப்போது வருமோ, கட்டணக் குறைப்பு கண்ணெதிரே தெரியும் இல்லையா? மக்கள் ஓட்டுப் போட்டார்கள். நீதிமன்ற வழக்கெல்லாம் தாண்டி 1982-ல் 85 சென்ட் கட்டணம் 50 ஆனது, பேருந்துகளில் கூட்டம் பெருகியது. 1990-ல் லாங் பீச்சுக்கு ரயிலும் ஓடியது. சுத்தமான அரசியல் சாமர்த்தியம் அது, குறையாகச் சொல்லவில்லை.

இப்போது கசப்பான பக்கம். 1965 ஆகஸ்டில் அவருடைய தொகுதியில் வாட்ஸ் பகுதி கலவரத்தில் பற்றி எரிந்தது. 34 பேர் இறந்தார்கள். அந்தப் பக்கத்தில் ஒழுங்கான மருத்துவமனை இல்லை என்று விசாரணைக் குழு சொன்னது. மருத்துவமனை கட்டக் கடன் பத்திரம் வெளியிடலாமா என்று 1966-ல் நடந்த வாக்கெடுப்பில் தேவையான மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. ஹான் அதோடு விடவில்லை; வேறு வழியில் பணம் புரட்டி, 1972-ல் கிங் பெயரில் மருத்துவமனை திறக்கப்பட்டது. சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் திறப்பு விழாவுக்கு அப்புறம்? நிர்வாகம் சீர்கெட்டது. அங்கே நடந்த மருத்துவத் தவறுகளைப் பற்றி லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் 2004-ல் எழுதிய தொடருக்குப் புலிட்சர் விருதே கிடைத்தது. இனப்பாகுபாடு காட்டுகிறார்கள் என்ற பெயர் வந்துவிடுமோ என்று பயந்து, வாரியத்தில் இருந்தவர்கள் அதன் குறைகளில் கைவைக்கத் தயங்கினார்கள் என்றது அந்தப் பத்திரிகை. 2007-ல் அவசரப் பிரிவின் தரையில் ஒரு பெண் வலியில் துடித்தபடி நெடுநேரம் கிடந்து இறந்தார். அதே வருஷம் மத்திய அரசின் பணம் நின்று, மருத்துவமனை மூடப்பட்டது. 2015-ல்தான் புதிய நிர்வாகத்தில் மறுபடி திறந்தது. ஹான் 1992-லேயே போய்விட்டார் என்பதால் எல்லாப் பழியையும் அவர்மேல் போட முடியாது. கட்டியவர் கணக்கில் இதைச் சேர்க்காமல் இருக்கவும் முடியாது.

இன்னொன்றும் உண்டு. லத்தீன் அமெரிக்க மக்கள் யாரும் ஜெயித்துவிடாதபடி தொகுதி எல்லைகளை வாரியம் வரைந்திருக்கிறது என்று 1990-ல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வாரியத்தில் ஹானும் உட்கார்ந்திருந்தார். எல்லையை மாற்றி நடந்த 1991 தேர்தலில் குளோரியா மொலினா ஜெயித்து உள்ளே வந்தார்.

1987-ல் பக்கவாதம் தாக்கிய பிறகும் ஹான் சக்கர நாற்காலியில் வந்து பதவியில் தொடர்ந்தார். 1997-ல் இறந்தார். கவுண்டித் தலைமைக் கட்டடத்துக்கு அவர் பெயர்தான். மகன் ஜேம்ஸ் நகரத்தின் மேயர் ஆனார். மகள் ஜானிஸ் 2016-ல் அப்பா இருந்த அதே வாரியத்துக்குத் தேர்வானார். ஆனால் நாற்பது வருஷக் கணக்கு இனி யாருக்கும் கிடையாது. மூன்று தடவைக்கு மேல் தொடர்ந்து இருக்கக் கூடாது என்று வாக்காளர்கள் 2002-லேயே முடிவு செய்துவிட்டார்கள். 2024-ல் இன்னும் ஒரு படி போய், ஐந்து பேரை ஒன்பதாக்கவும், கவுண்டிக்கென்று ஒரு தலைமை நிர்வாகியைத் தாங்களே தேர்ந்தெடுக்கவும் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள்.