கெண்டைக்கு இப்போது எந்தப் பெயர்?

நேயர்களுக்கு வணக்கம். கெண்டை என்றதும் கட்லாவையும் ரோகுவையும் நினைக்க வேண்டாம். ஆற்றிலும் ஏரியிலும் கூட்டமாகத் திரியும் சிறு கெண்டைகளைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

இவற்றுள் பெரும்பாலானவை நெடுங்காலம் ‘புன்டியஸ்’ என்ற ஒரே பேரினத்தில், அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களைச் சேர்த்து வைக்கும் ஒரே குடும்பப் பெயரின் கீழ், இருந்தன. கங்கை மீன்களைப் பற்றி 1822-ல் எழுதிய பிரான்சிஸ் ஹாமில்டன் வைத்த பெயர் அது. எங்கே சேர்ப்பதென்று தெரியாத சிறு கெண்டைகளைப் பின்னால் வந்தவர்கள் அதற்குள்ளேயே போட்டுவந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் அப்படிச் சேர்ந்துவிட்டன. உள்ளே கிடந்தவை எல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் அல்ல என்று வெகுநாள் சந்தேகம் இருந்தது. 2012-ல் இலங்கையின் ரோஹன் பெத்தியாகொடவும் உடன் ஆய்ந்த இருவரும் எலும்பையும் மரபணுவையும் ஒப்பிட்டுத் தெற்காசியக் கெண்டைகளைப் பிரித்துக் காட்டினார்கள். புன்டியஸ் சுருங்கியது. சிஸ்டோமஸ் என்ற பழைய பெயர் மீண்டும் புழக்கத்துக்கு வந்தது. பெத்தியா, டாக்கின்சியா, திராவிடியா என மூன்று புதுப் பேரினங்களும் பிறந்தன.

திராவிடியா நிலைக்கவில்லை. அந்தப் பெயர் ஏற்கெனவே ஓர் ஈக்கு வைக்கப்பட்டிருந்தது. விலங்குலகில் ஒரே பேரினப் பெயரை இரண்டு இடத்தில் வைக்க விதி இடம் தராது, முந்தியவருக்கே உரிமை. ஆகவே 2013-ல் அது ஹலுதாரியா ஆயிற்று. ஹாமில்டனுக்கு மீன் படங்கள் வரைந்து கொடுத்த ஹலுதார் என்ற வங்காள ஓவியரின் நினைவாக வைத்த பெயர். ஈயின் தயவால் அவருக்கு நியாயம் கிடைத்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

சரி, கையில் ஒரு கெண்டை இருக்கிறது. எந்தப் பேரினம்? நிறத்திலிருந்து தொடங்கவே கூடாது. பெரும்பாலான பிழைகள் அங்கேதான் பிறக்கின்றன. டாக்கின்சியா ஃபிலமென்டோசாவின் குஞ்சுக்கு உடலில் கறுப்புப் பட்டைகள் இருக்கும். வளர வளர அவை மங்கி, வால் பக்கத்துக் கறை மட்டும் எஞ்சும். ஹலுதாரியாவுக்கோ வளர்ந்த பிறகும் பட்டை உண்டு. பட்டையை மட்டும் பார்ப்பவர் இரண்டையும் குழப்பிக்கொள்வார்.

முதலில் வாயைப் பாருங்கள். கை லென்ஸ் அவசியம். மீசை இரண்டு இடங்களில் முளைக்கலாம்: மூக்கு முனையில் ஒரு ஜோடி, வாய் மூலையில் ஒரு ஜோடி. மூலை மீசை பல இனங்களில் மிகச் சிறியது, உதட்டு மடிப்பில் ஒளிந்திருக்கும்; ஊசி முனையால் மடிப்பை விலக்கிப் பார்த்த பிறகே ‘இல்லை’ என்று எழுத வேண்டும்.

அடுத்தது முதுகுத் துடுப்பு. அதன் முன்பக்கத்தில் கிளைக்காத கதிர்கள், அதாவது துடுப்பைத் தாங்கும் குச்சிகள், சில உண்டு. அவற்றில் கடைசிக் கதிரின் பின்விளிம்பில் நகத்தை வைத்து நீளவாக்கில் இழுத்தால், பல் இருக்கிறதா, வழவழப்பா என்று தெரிந்துவிடும். கதிரின் முன்விளிம்பைத் தடவினால் ஒன்றும் தெரியாது.

இரண்டையும் சேர்த்தால் பாதி வேலை முடிந்தது. இரண்டு ஜோடி மீசையும் பல்லுள்ள கதிரும் என்றால் சிஸ்டோமஸ். ஓர் அடிக்கு மேல் வளரும் சிஸ்டோமஸ் சரானா இதில்தான் வரும். இரண்டு ஜோடி மீசை, வழவழப்பான கதிர் என்றால் ஹலுதாரியா. மூக்கு முனையில் மீசை இல்லாமல் கதிரில் மட்டும் பல் இருந்தால் பெத்தியா. மீன் தொட்டிக்காரர்கள் ரோஸி பார்ப் என்று சொல்லும் கொன்கோனியஸ் இந்த வகை.

மூக்கு முனையிலும் மீசை இல்லை, கதிரிலும் பல் இல்லை என்றால்தான் சிக்கல். புன்டியஸ், டாக்கின்சியா, சஹ்யாத்ரியா மூன்றும் அங்கே வந்து நிற்கும். அப்போது பக்கக் கோட்டில், அதாவது உடலின் பக்கவாட்டில் நீளமாக ஓடும் உணர்வுக் கோட்டில், துளையுள்ள செதில்களைச் செவுள் மூடியின் பின்னாலிருந்து வால் அடி வரை எண்ண வேண்டும். டாக்கின்சியாவில் அவை 18 முதல் 22, புன்டியஸில் 22 முதல் 28. எண்ணிக்கை 22-ல் நின்றால் வால் பக்கத்துக் கறையையும் உடல் வாகையும் சேர்த்துப் பார்த்தே முடிவெடுக்கலாம். நீண்ட ஒல்லி உடலும், மூக்கிலிருந்து வால் வரை ஓடும் கறுப்புக் கோடும், அதன் மேல் சிவப்பும் இருந்தால் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளின் சஹ்யாத்ரியா. அந்தப் பேரினம் 2013-ல் தனியானது. வலையில் உரசிச் செதில் உதிர்ந்திருந்தால், செதில் இருந்த குழியை எண்ணுங்கள்.

மீனைப் பாதுகாக்கும்போதும் ஒரு வரிசை முக்கியம். முதலில் உயிர் நிறத்தோடு படம். பிறகு வலப்பக்கத் துடுப்பில் சிறு துண்டு நறுக்கி 95 சதவீத எத்தனாலில் போட வேண்டும். அதன் பிறகே ஃபார்மலின்: கடையில் வாங்கும் கரைசல் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு. ஃபார்மலின் முதலில் பட்டுவிட்டால் மரபணு ஆய்வுக்கு அந்தத் திசு அநேகமாகப் பயன்படாது. இடப்பக்கத்தைத் தொட வேண்டாம். அளவும் எண்ணிக்கையும் வழக்கமாக அந்தப் பக்கத்தில்தான் எடுக்கிறோம்.

பழைய நூல்களில் தேடுபவர்களுக்கு ஒன்று. பேரினம் மாறும்போது இனத்தைக் குறிக்கும் இரண்டாம் பெயரின் விகுதியும் சில சமயம் மாறும். புன்டியஸ் ஃபிலமென்டோசஸ் இப்போது டாக்கின்சியா ஃபிலமென்டோசா. நைக்ரோஃபேசியேட்டஸ் இப்போது பெத்தியா நைக்ரோஃபேசியேட்டா. சரானா, கொன்கோனியஸ் மாறவில்லை. ஆகவே விகுதியை விட்டுவிட்டு ‘ஃபிலமென்டோஸ்’ வரை மட்டும் கொடுத்துத் தேடினால் பழைய பதிவு, புதிய பதிவு இரண்டும் அகப்படும். நன்றி, வணக்கம்.