வைகை வந்து முடியுற ஊர்: ராமநாதபுரம் கண்மாய்க் கணக்கு

வணக்கம் மக்களே. கேமராவ அப்படியே திருப்புறேன், பாருங்க. இது ராமநாதபுரம் பெரிய கண்மாய். வருசநாட்டு மலையில பொறக்குற வைகை நேரா கடலுக்குப் போகல, இங்கதான் வந்து விழுது. இது நெறஞ்சு மிஞ்சினாத்தான் ஆற்றங்கரைப் பக்கம் கடலுக்குத் தண்ணி போகும்.

"வறண்ட மாவட்டம்"னு ஒரே வார்த்தையில முடிச்சிடுறாங்க. வருஷத்துக்கு 800 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்யுதுங்க! சிக்கல் என்னன்னா, பாதிக்கு மேல அக்டோபர்லேர்ந்து டிசம்பருக்குள்ள கொட்டித் தீர்த்துடும். தரையோ கிழக்க கடலப் பாத்து லேசா சரிஞ்சு கெடக்கு. மறிக்கலைன்னா ஓடிடும். அதான் சரிவுக்குக் குறுக்க கரை போட்டு, மேல் கண்மாய் மிச்சத்த கீழ் கண்மாய் வாங்குற மாதிரி சங்கிலியா வெட்டி வச்சிருக்காங்க. ஆர்.எஸ். மங்கலம் கண்மாய "நாரை பறக்காத 48 மடை"ன்னே சொல்லுவாங்க. நாரையே ஒரே மூச்சுல தாண்ட முடியாத நீளமாம்.

உறுப்பு நாலு. தண்ணி கொண்டாற வரத்துக்கால், தேக்குற கரை, வயலுக்குத் திறக்குற மடை, மிச்சம் வழியுற கலுங்கு. பழைய குமிழி மடையில, அதாவது கண்மாய்க்குள்ளயே கட்டின மடையில, மேல தண்ணி போற நீரோடித் துளை, அடியில சேறு போற சேறோடித் துளை. தண்ணி பாயும்போதே கொஞ்சம் சேறும் வெளியேறிடும். எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலைப்பாடு இது.

கெடுறது எங்கன்னா, முதல்ல வரத்துக்கால்ல. சீமைக்கருவேலம் மண்டி, ஆக்கிரமிப்பும் சேந்துச்சுன்னா, மழை பெஞ்சும் கண்மாய் காயும். அடுத்து வண்டல். உள்ள மேடு தட்டினா கொள்ளளவு போச்சு. கூடுதலா தேக்கலாம்னு கலுங்க அடைச்சு வைக்கிறது அதவிட ஆபத்து. தண்ணி கரை மேல ஏறி ஒடைக்கும், அந்த வேகம் கீழ இருக்குற கண்மாயையும் ஒடைக்கும்.

வரலாறுல ஒரு விஷயம் மட்டும். 1910ல மதுரை, திருநெல்வேலி மாவட்டங்கள்லேர்ந்து பிரிச்சு ராமநாதபுரம் மாவட்டம் உண்டாச்சு. 1985ல அதையும் மூணாக்கினப்போ, மேல் பக்கத்து வைகைக் கண்மாய்க எல்லாம் இன்னைக்கு சிவகங்கைன்னு சொல்ற பக்கம் போச்சு, வால் பகுதி இங்க நின்னுச்சு. கடைமடைக்காரங்க தண்ணி கேக்கணும்னா இப்ப மாவட்ட எல்லையத் தாண்டிக் கேக்கணும்.

அதனாலயே இங்க கண்மாய் நெறையட்டும்னு காத்திருந்து நாத்து நடுறதில்ல. செப்டம்பர்ல ஈரமில்லாத மண்ணுல புழுதி விதைப்பு. மழையில நெல்லு மொளச்சு வளரும். கண்மாய்த் தண்ணிய கதிர் பால் பிடிக்கிற நேரத்துக்குன்னு காப்பாத்தி வைக்கணும், அப்ப ஒரு தண்ணி தப்பினா பதருதான். முன்னாடியே மடையத் திறந்துட்டு தை மாசம் தவிக்கிறது ஊருக்கு ஊர் நடக்கும். தண்ணி பத்தாத மேட்டுல முண்டு மிளகாய். குண்டா உருண்டையா இருக்குமே, 2023ல புவிசார் குறியீடு வாங்கினது, அதேதான்.