மார்பை எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்தால், 20 வருடம் கழித்து என்ன?

சாவகச்சேரியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருடைய அக்காவுக்கு 47 வயது. இடது மார்பில் 2 சென்ரிமீற்றர் அளவில் ஒரு புற்றுநோய்க் கட்டி. மார்பை முழுவதும் எடுக்காமல், கட்டியையும் சுற்றியுள்ள கொஞ்ச இழையத்தையும் மட்டும் அகற்றியிருக்கிறார்கள். அடுத்தது கதிர்ச் சிகிச்சை. "பார்க்க வருகிற ஆட்கள் எல்லாரும், முழுவதையும் எடுத்திருக்க வேண்டும், இது எப்படியும் திரும்பி வரும் என்கிறார்கள். அக்கா நித்திரை கொள்வதில்லை. பத்து, இருபது வருடம் போனால் என்ன ஆகும், டொக்டர்?" இதுதான் கேள்வி.

அக்காவுக்குச் சொல்லுங்கள், இந்தச் சந்தேகம் மருத்துவர்களுக்கும் இருந்தது. அதைத் தீர்க்கத்தான் இத்தாலியின் மிலான் நகரில் வெரோனேசி என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1973இலும், அமெரிக்காவில் பிஷர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1976இலும் ஆய்வு தொடங்கினார்கள். யாருக்கு மார்பை எடுப்பது, யாருக்குக் கட்டியை மட்டும் எடுப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் பார்ப்பதுபோலத் தீர்மானித்து, அந்தப் பெண்களை 20 வருடம் விடாமல் கவனித்தார்கள். இரண்டு முடிவுகளும் 2002இல் வெளிவந்தன. உயிரோடு இருந்தவர்களின் விகிதத்தில் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை.

பார்க்க வருகிறவர்கள் சொல்வதில் ஒரு துளி உண்மையும் உண்டு, அதை மறைக்கமாட்டேன். மிலானில் மார்பைக் காப்பாற்றிய 352 பேரில் 30 பேருக்கு அதே மார்பில் நோய் திரும்பியது. முழுவதும் எடுத்த 349 பேரில் 8 பேருக்கு அதே இடத்தில் வந்தது. அப்படியானால் உயிர்க்கணக்கு ஏன் மாறவில்லை? இந்த நோயில் உயிரைப் பறிப்பது மார்பில் இருக்கும் கட்டி அல்ல. எலும்புக்கும் நுரையீரலுக்கும் ஈரலுக்கும் ஏற்கெனவே போய்விட்ட கலங்கள்தான். மார்பை எவ்வளவு பெரிதாக வெட்டினாலும் அவை கைக்கு அகப்படா. அவற்றுக்குத்தான் மாத்திரையும் கீமோவும். அதே மார்பில் திரும்பினாலோ, அப்போது மார்பை எடுத்துச் சிகிச்சை செய்யலாம்.

ஆனால் இதெல்லாம் கதிர்ச் சிகிச்சையை முழுமையாக எடுத்தவர்களின் கதை. பிஷருடைய ஆய்வில் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர் கொடுக்காமல் விட்டவர்களில், 20 வருடத்தில் 100க்கு 39 பேருக்கு அதே மார்பில் நோய் வந்தது. கதிரும் எடுத்தவர்களில் 14 பேருக்கு. பிறகு 10,801 பெண்களின் விபரங்களை ஒன்றுசேர்த்து 2011இல் வெளியிட்ட கணக்கில், 15 வருடத்துக்குள் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் கதிர் இல்லாதபோது 25 வீதம், கதிரோடு 21 வீதம். இன்றைய மருந்துகளோடு நோய் திரும்புவது இன்னும் குறைந்திருக்கிறது. பிரித்தானியாவில் மூன்று கிழமை கதிர் எடுத்தவர்களைப் பார்த்தால், பத்து வருடத்தில் மார்பிலோ அக்குளிலோ திரும்பியது 100க்கு நான்கைந்து பேருக்குத்தான்.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். "கட்டிதான் போய்விட்டதே, நல்லூர்த் திருவிழா முடியட்டும், பிறகு தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்று தள்ளிப்போடுகிறார்கள். தினமும் பஸ் ஏறுவது சிரமம்தான், நான் மறுக்கவில்லை. ஆனாலும் சனி, ஞாயிறு தவிர்த்து 15 நாள், ஒவ்வொரு நாளும் மேசையில் படுத்திருப்பது சில நிமிடங்கள். மெசினை நிறுத்தியதும் கதிரும் நின்றுவிடும், உடம்பில் தங்காது. பேரப்பிள்ளையைத் தாராளமாகத் தூக்கலாம். பாயைத் தனியே போட வேண்டியதில்லை.

நெடுநாள் விளைவுகளும் உண்டு. அந்த மார்பு கொஞ்சம் சுருங்கும், தடிப்பாகும். கை வீங்கினால், கதிரைவிட அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்ததுதான் பெரும்பாலும் காரணம். இடது மார்பு என்பதால் இதயத்துக்குக் கதிர் எவ்வளவு படும் என்று கேளுங்கள். மூச்சை உள்ளிழுத்துப் பிடிக்கச் சொல்லிக் கதிர் கொடுத்தால் இதயம் சற்று விலகி நிற்கும்.

எடுத்த கட்டியைச் சோதித்துத் தரும் நோயியல் அறிக்கையில், வெட்டிய ஓரத்தில் புற்றுக் கலம் இல்லை என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஓரத்தில் புற்றுக் கலம் இருந்தால் முதலில் மறுபடி வெட்ட வேண்டிவரும். ஹோர்மோன் ஏற்பி, அதாவது கட்டி ஹோர்மோனைப் பிடித்து வளரும் அடையாளம், இருக்கிறது என்று எழுதியிருந்தால் ஐந்து வருடமாவது மாத்திரை. அந்த வகை பத்து, பதினைந்து வருடம் போயும் திரும்பக்கூடியது. ஆகையால் ஐந்து வருடம் முடிந்ததும் கிளினிக் கொப்பியைப் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். வருடத்துக்கு ஒருமுறை மமோகிராம் என்ற மார்பு எக்ஸ்றே, இரண்டு மார்புக்கும். கதிர் பட்ட மார்பில் கைக்குத் தட்டுப்படுவது பழைய தழும்பா, புதுக் கட்டியா என்று தொட்டுப் பார்த்துச் சொல்வது எனக்கே சில வேளை கடினம். முந்தைய வருடப் படத்தையும் கையோடு கொண்டுபோங்கள், அதை வைத்துத்தான் ஒப்பிடுவார்கள்.