தெரு யாருக்கு?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஒரு பெரிய சாலையைக் கடக்க ஓரத்தில் நிற்கிறீர்கள். ஒரு கையில் பை, இன்னொரு கையில் குழந்தையின் கை. வண்டிகள் விடாமல் போய்க்கொண்டே இருக்கின்றன. கொஞ்சம் இடைவெளி கிடைத்ததும் குழந்தையை இழுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகக் கடக்கிறீர்கள். அந்தப் பக்கம் போனதும் யாரைக் கடிந்துகொள்கிறீர்கள்? "பார்த்து வரணும்னு எத்தனை தடவை சொல்றது?" என்று குழந்தையைத்தான். சாலை வண்டிகளுக்கானது, நடுவில் போகிற நாம்தான் ஒதுங்க வேண்டும் என்பது நமக்குள் அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது.

இந்த நினைப்புக்கு வயது நூறுதான் ஆகிறது. நகரமைப்பைப் பற்றிப் படித்தும் பேசியும் வருகிற எனக்கு நெடுநாளாக மனதில் இருக்கும் விஷயம் இது. ஒரு ஊர் மாறுகிறது என்றால் பாலமும் கட்டடமும்தான் நம் கண்ணில் படுகின்றன. அவை வருவதற்கு முன்பே, எது சகஜம், யார் ஒதுங்க வேண்டும், யார் பதில் சொல்ல வேண்டும் என்பதில் ஜனங்களின் மனம் மாறியிருக்கும். அந்த மாற்றத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரம், 1923. கார் பெருகத் தொடங்கிய காலம். அதுவரை தெரு என்றால் பிள்ளைகள் விளையாடுவார்கள், வியாபாரிகள் வண்டியை நிறுத்தி விற்பார்கள், யாரும் எந்த இடத்திலும் குறுக்கே நடப்பார்கள். கார் மோதிப் பிள்ளைகள் சாகத் தொடங்கியபோது ஊர் ஜனங்களின் கோபம் காரின் மேல் திரும்பியது. பெற்றவர்களைப் பார்த்து, "பிள்ளையை ஏன் தெருவில் விட்டீர்கள்?" என்று ஊர் கேட்கவில்லை. நகருக்குள் எந்தக் காரும் மணிக்கு 25 மைல், அதாவது சுமார் 40 கிலோமீட்டருக்கு மேல் போக முடியாதபடி ஒரு கருவியைப் பொருத்த வேண்டும் என்று மனு எழுதி, 42,000 பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள்.

கார் விற்பவர்களும் மோட்டார் சங்கங்களும் பதறிப்போய் எதிர்ப்பிரசாரத்தில் இறங்கினார்கள். வாக்கெடுப்பில் அந்தத் திட்டம் தோற்றது. கவனிக்க வேண்டியது அதற்கு அப்புறம் நடந்ததைத்தான். காரைப் பற்றிய பேச்சை, நடப்பவரைப் பற்றிய பேச்சாக அவர்கள் திருப்பிவிட்டார்கள். நினைத்த இடத்தில் கடப்பவரை, நகரத்தில் நடக்கத் தெரியாத பட்டிக்காட்டான் என்று கேலி செய்தார்கள். பள்ளிக்கூடங்களில் சாலைப் பாதுகாப்புப் பாடத்தை மோட்டார் சங்கங்களே முன்னின்று நடத்தின. 1925-இல் லாஸ் ஏஞ்சலிஸில், நடப்பவர்கள் கோடு போட்ட இடத்தில் கடக்க வேண்டும் என்று கட்டுப்படுத்தும் விதி வந்தது. மற்ற நகரங்களும் அதைப் பின்பற்றின. ஒரே தலைமுறைக்குள் தெரு கைமாறிவிட்டது. யாரோ முயன்று உண்டாக்கிய நினைப்பு அது. அப்படியென்றால் இன்னும் சிலர் முயன்றால் அதை மாற்றவும் முடியும், இல்லையா?

முடியும் என்று காட்டிய ஊர் குரிடிபா. பிரேசிலின் தெற்கே இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த கதை இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஜைமே லெர்னர் என்ற கட்டடக் கலைஞர் 1971-இல் அந்த ஊருக்கு மேயராக வந்தார். வயது முப்பத்து மூன்றுதான். ஊரின் முக்கியமான கடைத்தெருவில் கார்கள் வருவதை நிறுத்திவிட்டு, அதை நடப்பவர்களுக்கே கொடுக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். கடைக்காரர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. கார் வராவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்று பயந்தார்கள். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்கு அது பிழைப்பு. படம் வரைந்து காட்டியாகிவிட்டது, எடுத்துச் சொல்லியும் பார்த்தாகிவிட்டது. யாரும் மசியவில்லை. வழக்கு வந்துவிட்டால் வேலை மாதக்கணக்கில் நின்றுபோகும்.

1972 மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மாலை. கடைகள் மூடும் நேரம். நகராட்சி ஆட்கள் வந்து இறங்கினார்கள். தாரைப் பெயர்த்தார்கள், கல் பாவினார்கள், விளக்குக் கம்பம் நட்டார்கள், பூச்செடிகளை வரிசையாக வைத்தார்கள். இரவு பகலாக நடந்தது வேலை. மாதக்கணக்கில் ஆகும் என்று அதிகாரிகள் சொன்ன வேலையை 72 மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். ஜனங்கள் வந்து பார்த்தால் தெருவே வேறாக இருந்தது. ஆரம்பத்தில் சிலர் பூச்செடிகளை எடுத்துக்கொண்டு போனார்கள். எடுக்க எடுக்க, நகராட்சி மறுபடி மறுபடி கொண்டுவந்து வைத்தது. கொஞ்ச நாளில் எடுப்பது நின்றுவிட்டது.

கார் வைத்திருப்பவர்களின் சங்கம் சும்மா இருக்கவில்லை. அடுத்த வார இறுதியில் எல்லோரும் திரண்டு, காரை அந்தத் தெருவுக்குள் ஓட்டி உரிமையை மீட்பது என்று முடிவு செய்தார்கள். லெர்னர் போலீஸைக் கூப்பிடவில்லை. தெரு நெடுக நீளமான காகிதச் சுருள்களை விரிக்கச் சொன்னார். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார்கள். கார்கள் வந்தன. முழங்காலிட்டுக் குனிந்து, கையெல்லாம் பெயிண்டோடு படம் வரையும் பிள்ளைகளைப் பார்த்தார்கள். எந்தக் காரும் உள்ளே நுழையவில்லை.

அந்தக் கடைக்காரர்களும் மாறினார்கள். எதிர்த்து மனு எழுதியவர்களில் ஒருவரே வந்து, அந்த மனுவை நினைவாக வைத்துக்கொள்ளுங்கள், இப்போது தெரு முழுவதையும் இப்படியே ஆக்கித் தாருங்கள் என்று கேட்டாராம். லெர்னரே பிற்பாடு இதைச் சொல்லியிருக்கிறார். இதிலிருந்து நான் கற்றதை போகிற இடமெல்லாம் சொல்கிறேன், இங்கேயும் சொல்கிறேன்: இல்லாத ஒன்றை மனதில் கண்டு அதற்குச் சம்மதிப்பது யாருக்குமே கஷ்டம். மூன்று நாளாவது கண்ணால் பார்க்க விட வேண்டும். கொலம்பியாவின் பொகோட்டாவில் ஞாயிற்றுக்கிழமைகளில் நூறு கிலோமீட்டருக்கு மேல் சாலைகளைக் காருக்கு மூடி, நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் விடுகிறார்கள். அதுவும் பார்க்க விடுவதுதான்.

சரி, நெதர்லாந்துக்கு வருவோம். அவர்கள் பிறவியிலேயே சைக்கிள்காரர்கள், நமக்கு அது சரிப்படாது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது உண்மை இல்லை. 1950, 60-களில் அங்கேயும் கார் பெருகி, சைக்கிள் வேகமாகக் குறைந்துகொண்டிருந்தது. 1971-இல் மட்டும் சாலைகளில் சுமார் 3,300 பேர் இறந்தார்கள். அதில் 400-க்கு மேல் குழந்தைகள். தன் மகளைச் சாலையில் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர், குழந்தைக் கொலையை நிறுத்துங்கள் என்ற தலைப்பில் எழுதினார். அந்தத் தலைப்பே ஒரு இயக்கத்தின் பெயராயிற்று. தாய்மார்களும் இளைஞர்களும் தெருக்களை மறித்தார்கள். நடுத்தெருவில் மேசை போட்டு அக்கம்பக்கத்தார் சேர்ந்து சாப்பிட்டார்கள், பிள்ளைகளை விளையாட விட்டார்கள். 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்து, அரசே ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்ட வேண்டாம் என்று சொன்னது. இன்று அந்த நாட்டில் மக்கள் போய்வரும் பயணங்களில் நாலில் ஒரு பங்குக்கு மேல் சைக்கிளில்தான். கொலை என்ற அந்தச் சொல் கடுமையானதுதான். ஆனால் விதியே என்று விட்டுவிட்ட சாவுக்கு யாரோ பொறுப்பு என்று ஒரு நாட்டையே யோசிக்க வைத்தது அது.

அந்த யோசனையைச் சட்டமன்றத்துக்குள் கொண்டுபோனது சுவீடன். சாலையில் ஒருவர்கூடச் சாகக் கூடாது என்பதே குறிக்கோள் என்று 1997-இல் அதன் நாடாளுமன்றம் ஏற்றது. மனிதன் தவறு செய்வான். ஒரு நொடி கவனம் பிசகியதற்கு உயிர் போகும்படி சாலையை அமைத்தவர்களும் பதில் சொல்ல வேண்டும் என்கிறது அந்தக் கொள்கை. அதனால்தான் நடப்பவரும் வண்டியும் கலக்கும் இடத்தில் 30 கிலோமீட்டர் வேகம் போதும் என்கிறார்கள். 30-இல் போகிற வண்டி 50-இல் போனால், மோதும் ஆற்றல் ஏறக்குறைய மூன்று மடங்காகிவிடும். கவனமாகப் போங்கள் என்று எத்தனை பலகை வைத்தாலும் இந்தக் கணக்கு மாறாது. அண்டை நாடான நார்வேயின் தலைநகர் ஆஸ்லோவில் 2019 முழுவதும் நடந்து போனவர், சைக்கிளில் போனவர் ஒருவர்கூடச் சாலையில் சாகவில்லை.

நேரம் நெருங்கிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சைகை காட்டுகிறார்கள். சியோலில் மேம்பாலச் சாலையை இடித்துவிட்டு, அதன் அடியில் புதைந்திருந்த ஓடையை 2005-இல் திறந்துவிட்டதைச் சொல்ல நினைத்திருந்தேன், அது இன்னொரு நாளைக்கு. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். நடைபாதை முடிகிற முனையில் படி இல்லாமல் சரிவாக இறக்கியிருப்பார்களே, பார்த்திருப்பீர்கள். அது ஊர் ஊராகப் பரவியதில் பெரிய பங்கு, 1970-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் சக்கர நாற்காலியில் இருந்த மாணவர்களுக்கு உண்டு. பரிதாபப்பட்டு யாராவது தூக்கிவிட வேண்டாம், பாதையைச் சரி செய்யுங்கள் என்று கேட்டார்கள். இன்று அதில் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு தாய் ஏறுகிறாள், சுமை இழுப்பவர் ஏறுகிறார், முழங்கால் வலியோடு பெரியவர் ஏறுகிறார். அந்த மாணவர்கள் எப்படி ஒன்று சேர்ந்தார்கள் என்பது தனியாக உட்கார்ந்து பேச வேண்டிய பெரிய கதை. இந்த வாய்ப்பைத் தந்த நிலையத்தாருக்கும், இவ்வளவு நேரம் கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.