பத்திரத்தின் பின்பக்கம்

நேயர்களுக்கு என் வணக்கம். தாய்லாந்து வளைகுடாவின் மேற்குக் கரையில், பாங்காக்கிலிருந்து சாலை வழியாக ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ஹுவா ஹின் நகரத்தில், வெளிநாட்டினர் வீடு வாங்கவும் விற்கவும் வாங்கிய வீட்டைப் பராமரிக்கவும் உதவும் ஓர் அலுவலகத்தில் பத்திரங்களையும் கணக்குகளையும் நெடுங்காலம் கவனித்தவன் என்ற முறையில், அந்தத் தொழில் நடக்கும் விதத்தைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். 1911இல் தென்பகுதி ரயில் பாதை வந்து சேரும்வரை மீனவர் குடியிருப்பாக இருந்த ஊர் அது. 1920களின் இறுதியில் ஏழாம் ராமா மன்னர் அங்கே கடலோர அரண்மனை கட்டிய பிறகு பாங்காக்கின் செல்வர்களும், பிற்காலத்தில் ஸ்வீடன், நார்வே, ஜெர்மனி, பிரிட்டன் போன்ற நாடுகளில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்களும் அங்கே வீடு தேடி வரத் தொடங்கினார்கள்.

ஓய்வுபெற்றவர்கள் அங்கே தங்குவது கடினமன்று. 50 வயது நிறைந்து, உள்ளூர் வங்கியில் 8 லட்சம் பாட் (அந்நாட்டு நாணயம்) இருப்போ மாதம் 65,000 பாட் வருமானமோ காட்டுகிறவர்கள் ஆண்டுக்கு ஆண்டு தங்கல் அனுமதியை நீட்டித்துக்கொள்ளலாம். ஆனால் நிலம் வாங்குவது வேறு கதை. 1954ஆம் ஆண்டின் நிலச் சட்டத்தின்படி வெளிநாட்டவர் தம் பெயரில் நிலம் வைத்துக்கொள்ள முடியாது. 4 கோடி பாட் முதலீடு செய்தால், அமைச்சரின் அனுமதியோடு, ஒரு ராய் வரை, அதாவது 1,600 சதுர மீட்டர் வரை, குடியிருப்பு நிலம் பெறலாம் என்ற விதிவிலக்கு இருந்தாலும், அதைக் கேட்டு எங்கள் படியேறியவர்கள் மிகக் குறைவு. அடுக்குமாடி வீட்டுக்கு 1979இல் தனிச் சட்டம் வந்தது. இன்றுள்ள விதிப்படி ஒரு கட்டடத்தின் மொத்த வீட்டுப் பரப்பில் 49 விழுக்காடு வரை வெளிநாட்டவர் பெயரில் இருக்கலாம், பணம் வெளிநாட்டு நாணயமாக வந்ததற்கு வங்கிச் சான்று வேண்டும். ஒரே மாடியில், ஒரே அளவில், ஒரே கடலைப் பார்த்து நிற்கும் இரண்டு வீடுகளுக்கு இரண்டு விலை சொல்லப்படுவதன் காரணம், வெளிநாட்டவர் பெயரில் பதியக்கூடிய வீடு, பதிய முடியாத வீடு என்று பிரிக்கும் இந்த 49தான்.

தங்க இடம் உண்டு, சொந்த மண் இல்லை என்ற இந்த நிலைமைக்கு நடுவில்தான் எங்கள் தொழில் நடக்கிறது. ஆகவே நிலப் பத்திரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லப் போகிறேன். அலுவலகத்தில் என்னோடு வேலை பார்த்தவர்கள், நான் பத்திரம் என்று வாயெடுத்தாலே தேநீர் குடிக்க எழுந்து போய்விடுவார்கள். நீங்கள் அப்படிப் போக மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

தாய்லாந்து நிலப் பத்திரத்தின் தலைப்பில் கருடன் இருக்கும். அந்தக் கருடன் சிவப்பாக இருந்தால் அது சனோத் என்னும் முழு உரிமைப் பத்திரம். எல்லைகள் அளக்கப்பட்டு, எண்ணிட்ட கற்கள் நடப்பட்டிருக்கும். பச்சைக் கருடன் அதற்கு ஒரு படி கீழே. கறுப்புக் கருடன் இன்னும் கீழே. நிலச் சீர்திருத்தத்தின் கீழ் உழவர்களுக்குப் பயிர் செய்ய வழங்கப்பட்ட நிலத்தின் தாள் வேறு வகை. அந்த நிலத்தை விற்கவே கூடாது. புக்கெட் தீவில் அத்தகைய நிலம் வசதி படைத்தவர்கள் கைக்குப் போன விவகாரம் பெரிதாகி, 1995இல் சுவான் லீக்பாய் அரசே கவிழ்ந்தது. ஆனாலும், கடல் தெரிகிறது, மலை தெரிகிறது, விலை பாதிதான் என்று சொல்லி அந்தத் தாளை நீட்டுகிறவர்கள் உண்டு.

கருடனின் நிறத்தைப் பார்த்துவிட்டு நின்றுவிடக் கூடாது. தாளைத் திருப்ப வேண்டும். நம் ஊரில் வில்லங்கச் சான்றுக்குத் தனியாக மனுப் போடுகிறோம் அல்லவா? அங்கே அடமானமும் நீண்டகாலக் குத்தகையும் அனுபவ உரிமையும் பத்திரத்தின் பின்பக்கத்திலேயே வரிசையாகப் பதிந்திருக்கும். உரிமையாளரிடம் ஒரு மூலமும் நில அலுவலகத்தில் மற்றொரு மூலமும் இருப்பதால், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது என்பதை வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வேன். இன்றும் சொல்கிறேன்: தாளைத் திருப்பிப் பாருங்கள்.

நிலம் வாங்க முடியாதவர் தனி வீடு கேட்டால் குத்தகை முறை இருக்கிறது. நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, வீட்டை மட்டும் தம் பெயரில் வைத்துக்கொள்ளலாம். மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். உச்சவரம்பு 30 ஆண்டு. இதில்தான் வணிகர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். 30 ஆண்டு முடிந்ததும் இன்னொரு 30, அதற்குப் பிறகு மற்றொரு 30 தருகிறோம் என்று ஒப்பந்தத்தில் எழுதி, 90 ஆண்டுக் குத்தகை என்று விளம்பரப் பலகை வைத்தார்கள்.

நார்வேயிலிருந்து ஒரு தம்பதியர் அப்படியொரு விளம்பரத் தாளோடு வந்தார்கள். கணவர் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். எதையும் எழுத்தில் பார்க்காமல் நம்பாதவர். 90 என்பது எங்கே எழுதப்படும் என்று கேட்டார். பத்திரத்தின் பின்பக்கத்தில் 30 மட்டுமே எழுதப்படும் என்றேன். அவர் என்னையும் நம்பவில்லை. சரி, நேரில் கேட்போம் என்று எங்கள் அலுவலகத்து தாய்லாந்துப் பெண்மணி ஒருவரையும் கூட்டிக்கொண்டு நில அலுவலகத்துக்குப் போனோம். வரிசை எண் வாங்கி, முற்பகல் முழுவதும் பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்த பிறகு, முகப்பில் இருந்த அதிகாரி பழைய பத்திரம் ஒன்றின் பின்பக்கத்தைக் காட்டி விளக்கினார். அதில் குத்தகை முடியும் ஆண்டு 2589 என்று இருந்ததைக் கண்டதும் பொறியாளரின் மனைவிக்கு ஒரே வியப்பு. 90 என்ன, ஐந்நூறு ஆண்டுக்கு மேலேயே தருகிறார்களே என்று கணவரைப் பார்த்தார். அது புத்த ஆண்டு என்றும், 543ஐக் கழித்தால் 2046 என்றும் எங்கள் பெண்மணி மெதுவாகச் சொல்லியதும் அதிகாரி உட்பட எல்லாரும் சிரித்துவிட்டோம்.

பிறகு அதிகாரி சொன்னதை எங்கள் பெண்மணி வரிக்கு வரி மொழிபெயர்த்தார். பதிவாவது 30 ஆண்டு மட்டுமே. மீதி இரண்டு முப்பதும் இன்றைய நில உரிமையாளர் வாயால் தரும் வாக்குறுதியைக் காகிதத்தில் எழுதியது போன்றவை. நிலம் நாளை வேறொருவருக்குக் கைமாறினால் அந்த வாக்கு அவரைக் கட்டாது. அதற்கு மேல், குத்தகை உரிமை அந்நாட்டுச் சட்டத்தில் குத்தகைக்கு எடுத்தவரின் ஆயுளோடு சேர்ந்தது. வாரிசுகளைப் பற்றி ஒப்பந்தத்தில் தனியாக எழுதாவிட்டால், அவர் இறந்தவுடன் குத்தகையும் முடிந்துவிடும். பொறியாளர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். வெளியே வந்ததும், "எனக்கு 68 வயது, 30 ஆண்டே எனக்கு அதிகம், ஆனால் அவர்கள் 90 ஆண்டுக்கல்லவா விலை கேட்கிறார்கள்!" என்றார். அந்த விலையை 30 ஆண்டுக் கணக்குக்குக் குறைத்துக் கேட்டதும் விற்பனையாளர் பேச்சை நிறுத்திவிட்டார். தம்பதியர் கடைசியில் ஓர் அடுக்குமாடி வீட்டைத் தம் பெயரிலேயே வாங்கினார்கள். அதில் எங்களுக்குக் கிடைத்த தரகு சிறியதுதான். ஆனால் அவர்கள் வீட்டுச் சாவி அதற்குப் பிறகு எங்கள் அலுவலகத்துச் சாவிப் பலகையில் தொங்கியது. நான் சொல்ல வந்த பொருளே அதுதான்.

வீடு விற்றதும் தரகு வாங்கிக்கொண்டு விலகுகிறவர் 90 என்று சொல்லிவிட்டுப் போகலாம். விற்ற வீட்டின் சாவியை ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கப் போகிறவர் அப்படிச் சொல்ல முடியாது; வாங்கியவர் ஒவ்வொரு நவம்பரிலும் திரும்பி வந்து அவர் முன்னால் உட்காருவார். தரகு என்பது வழக்கமாக விற்பவர் தரும் 3 முதல் 5 விழுக்காடு. குளிர்காலம் முடிந்து ஊர் வெறிச்சோடும்போது அதுவும் நின்றுவிடும். பராமரிப்புக் கட்டணமோ மாதந்தோறும் வரும்.

இன்னொரு குறுக்கு வழி பினாமி நிறுவனம். 51 விழுக்காடு பங்கு தாய்லாந்துக் குடிமக்கள் பெயரில் இருந்தால் அந்த நிறுவனம் உள்நாட்டு நிறுவனமாகிவிடும், அதன் பெயரில் நிலம் வாங்கலாம் என்பார்கள். அந்தப் பங்குதாரர்கள் சொந்தப் பணம் போட்டார்களா என்று 2006 முதல் நில அலுவலகம் கேட்கத் தொடங்கியது. வெளிநாட்டவருக்காகப் பெயர் கொடுத்தவருக்கே 3 ஆண்டு வரை சிறையும் 10 லட்சம் பாட் வரை அபராதமும் விதிக்க 1999ஆம் ஆண்டின் அயல்நாட்டினர் வணிகச் சட்டத்தில் இடமுண்டு. ஓட்டுநரும் சமையற்காரியும் பங்குதாரர்களாக இருந்த நிறுவனங்களின் தாள்களை நான் பார்த்திருக்கிறேன். தாங்கள் எதில் கையெழுத்திட்டோம் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை என்பதுதான் அதில் எனக்குச் சினமூட்டியது.

அலுவலகத்தை நடத்தும் வெளிநாட்டவரையும் சட்டம் கட்டுப்படுத்துகிறது. தரகுத் தொழில் அங்கே குடிமக்களுக்கென ஒதுக்கப்பட்டது. பொதுவான விதிப்படி, ஒரு வெளிநாட்டவருக்கு வேலை அனுமதி வேண்டுமானால் 20 லட்சம் பாட் மூலதனமும் நான்கு உள்நாட்டு ஊழியர்களும் காட்ட வேண்டும். எனவே உள்ளூர்ப் பங்காளி உண்மையான பங்காளியாக இருக்கும் அலுவலகமே நிலைக்கிறது.

கடல் உப்பு குளிர்சாதன இயந்திரத்தின் வெளிப்பெட்டியை என்ன செய்கிறது, நீச்சல் குளத்தை ஆளில்லாத மாதங்களில் எப்படிக் காப்பது, பொதுச் செலவுப் பாக்கி இல்லை என்ற சான்றில்லாமல் அடுக்குமாடி வீட்டை ஏன் விற்க முடியாது என்பவற்றையெல்லாம் குறித்து வைத்திருந்தேன். பத்திரம் நேரத்தை எடுத்துக்கொண்டுவிட்டது. ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். அங்கே வீடு வைத்திருப்பவர்கள், தாங்கள் இல்லாத நாட்களில் அதை நாள் வாடகைக்கு விட எண்ணினால், விடுதி உரிமமோ சட்டம் தரும் விதிவிலக்கோ இல்லாமல் 30 நாளுக்குக் குறைவாக விடுவது 2004ஆம் ஆண்டின் விடுதிச் சட்டத்துக்கு முரணாகும். மாத வாடகைக்கு விட்டாலும், வெளிநாட்டவர் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்கு வீட்டுக்காரர் தெரிவித்தாக வேண்டும். அந்தப் படிவத்தை நிரப்புவதும் சாவி வைத்திருப்பவரின் வேலைதான். நன்றி, வணக்கம்.